ஒரே பெயரில் இரண்டு காபித்தூள் கடைகள்

மேற்கு மாம்பலத்தில் 2014 முதல் காபித்தூள் கடை நடத்தி வருகிறேன். நான்கு மாதங்களுக்கு முன், இரண்டு தெரு தள்ளி, எங்கள் பெயருக்கு முன்னால் 'நியூ' என்பதைக் கடுகளவு எழுத்தில் சேர்த்து, அதே மஞ்சள் பலகையில் அதே பச்சை எழுத்துகளுடன் ஒரு கடை திறந்தது. அங்கே வாங்கியவர்கள் எங்களிடம் வந்து சிக்கரி கூடிவிட்டதே என்று குறைப்படுகிறார்கள். சென்ற வாரம் ஒரு பெரியவர், அவர்கள் முத்திரையிட்ட அரைக் கிலோ பொட்டலத்தை எங்கள் மேசையில் வைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்.

நேரில் பேசினேன், பலனில்லை. 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்று பலகை வைத்தேன், மறுநாளே அவர்களும் வைத்துவிட்டார்கள் (சென்னையில் அந்த வாசகத்தை யார்தான் வைக்கவில்லை!). கடந்த மாதம், காபி அடங்கும் 30ஆம் வகுப்பில், தனிநபர் கட்டணமான 4,500 ரூபாய் செலுத்தி, வணிகக்குறி (டிரேட்மார்க்) பதிவுக்கு இணையவழியில் விண்ணப்பித்தேன். பரிசோதனை, வணிகக்குறி இதழில் வெளியீடு, அதன்பின் நான்கு மாத ஆட்சேபக் காலம் ஆகியவற்றை அது கடந்தாக வேண்டும். 2014 முதலான ரசீதுகளும் பழைய பலகையின் படங்களும் கைவசம் உள்ளன.

பதிவு முடியும்வரை காத்திராமல், பெயரை முதலில் பயன்படுத்தியதை மட்டும் காட்டி 'பாஸிங் ஆஃப்' (நம் பெயரில் தங்கள் சரக்கை விற்பவர்கள் மீதான) வழக்கில் இடைக்காலத் தடை பெற்றவர்கள், எந்த ஆவணங்கள் கைகொடுத்தன என்று சொல்ல முடியுமா?