புதுப்பிப்பு: கால்சியம் கார்பனேட் கணக்கு, விடை 2.2 கிராம்

போன வாரம் போட்ட கணக்கு இதுதான்: 10 கிராம் கால்சியம் கார்பனேட்டில் 1 மோலார் (லிட்டருக்கு 1 மோல்; மோல் என்பது துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மி.லி. ஊற்றினால் எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும்? பலர் 4.4 என்று எழுதியிருந்தீர்கள். சரியான விடை 2.2.

4.4 வந்த வழி எனக்குப் புரிகிறது. கார்பனேட்டின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 100 கிராம், ஆகவே 10 கிராம் என்பது 0.1 மோல், அதை கார்பன் டை ஆக்சைடின் மோலார் நிறையான 44 ஆல் பெருக்கினால் 4.4. ஆனால் அமிலம் போதுமா என்று பார்க்க வேண்டாமா? 0.1 லிட்டரில் அமிலமும் 0.1 மோல்தான். சமன் செய்த சமன்பாட்டின்படி (CaCO₃ + 2HCl → CaCl₂ + H₂O + CO₂) ஒரு மோல் கார்பனேட்டுக்கு இரண்டு மோல் அமிலம் வேண்டும். தேவை 0.2, இருப்பது பாதி. அமிலம் முதலில் தீர்ந்துவிடும், 0.05 மோல் வாயுதான் வரும். 5 கிராம் கார்பனேட் அப்படியே அடியில் கிடக்கும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் நிறையைக் கூட்டிப் பாருங்கள். வினைபட்டவை கார்பனேட் 5 + அமிலம் 3.65 = 8.65 கிராம். கிடைத்தவை கால்சியம் குளோரைடு 5.55, நீர் 0.9, வாயு 2.2, இதுவும் 8.65. இந்தச் சரிபார்ப்பை நான் மாணவர்களிடம் விடாமல் வலியுறுத்துவேன்.

ஒருவர் வாயுவின் கன அளவு கேட்டிருந்தார். 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தம் என்றால் ஒரு மோல் வாயு 22.4 லிட்டர், ஆகவே 0.05 × 22.4 = 1.12 லிட்டர். 1982-இல் ஐயூபேக் (சர்வதேச வேதியியல் அமைப்பு) திட்ட அழுத்தத்தை 1 பார் என மாற்றியது. அந்தக் கணக்கில் மோலுக்கு 22.7 லிட்டர், விடை சுமார் 1.14. கேள்வியில் எந்த அழுத்தம் என்று படித்துவிட்டுப் போடுங்கள்.