பழைய திருமண அழைப்பிதழ் வைத்திருப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். கோவையில் நண்பர்கள் மூவர் நடத்தும் சிறிய ஆராய்ச்சி நிறுவனம் எங்களுடையது. பழைய தமிழ் அச்சுப் பக்கங்களைக் கணினி படிக்கும்படி செய்ய முயல்கிறோம். பயிற்சிக்கு வந்திருக்கும் இரண்டு கல்லூரி மாணவிகள்தான் எழுத்து எழுத்தாகச் சரிபார்க்கிறார்கள். (அவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை போய்விடுகிறது; எங்கள் சம்பளம்தான் இன்னும் வந்தபாடில்லை.)

சிக்கல் இதுதான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்ற 13 எழுத்துகளுக்கு வேறு வடிவம் இருந்தது. போன வாரம் ஒரு மாணவி பூதக்கண்ணாடியோடு வந்து, "சார், இந்த லகரத்துக்கு ஏன் தும்பிக்கை முளைத்திருக்கிறது?" என்று கேட்டார். அவர் மேல் பிழையில்லை. பள்ளியில் அதை அவர் பார்த்ததே இல்லை.

1978க்கு முந்தைய அழைப்பிதழ், பஞ்சாங்கம், துண்டறிக்கை இருந்தால் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்து அனுப்ப முடியுமா? கைப்பேசிப் படம் என்றால் நிழல் விழாமல் இருக்கட்டும். பெயர், முகவரியை மறைத்துவிடலாம்.

அந்த எழுத்துகளில் படித்து வளர்ந்த பெரியவர்கள் யாராவது வாரம் ஒரு மணி நேரம் மாணவிகளோடு தொலைபேசியில் பேச முன்வந்தால் இன்னும் நல்லது. சிறு தொகை தருகிறோம். விருப்பமுள்ளவர்கள் கீழே ஒரு வரி எழுதுங்கள்.