இஃப் வாக்கியம்: உங்களுக்கு இடறிய இடம் எது?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த புதிது. லேப் டிப்பை, அதாவது துணியின் சாய நிற மாதிரியை, இந்த வாரம் அப்ரூவ் செய்தால் மாதக் கடைசியில் சரக்கை ஏற்றிவிடுவோம் என்று சரக்கு வாங்கும் பையருக்கு மெயில் போட வேண்டும். 'வில்' போட்டால் அதட்டுவது போல இருக்குமோ என்று நினைத்து, "இஃப் யூ அப்ரூவ்ட், வீ வுட் ஷிப்" என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் போன். "ஷிப்மென்ட் போகாதா? என்ன பிரச்சினை?" நான் வாக்குக் கொடுத்ததாக நினைத்த வாக்கியத்தை, நடக்க வாய்ப்பில்லாத காரியமாக அவர் படித்திருக்கிறார்.

விதி தெரியாமல் இல்லை. 10-ஆம் வகுப்பிலேயே இஃப் வாக்கியத்தின் 3 வகையையும் மனப்பாடம் செய்தவன். எங்கே இடறியது என்பது பிறகுதான் புரிந்தது. "நேரம் இருந்தால் வருவேன்" என்கிறோம், "சிறகு இருந்தால் பறப்பேன்" என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே 'இருந்தால்'. நடக்கக்கூடியதா, கற்பனையா என்பதைக் கேட்பவரே புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் அதைச் சொல்பவரே முடிவு செய்தாக வேண்டும். நேரத்துக்கு ஹேவ், வில். சிறகுக்கு ஹேட், வுட்.

சரி, இல்லாத சிறகுக்கு எதற்கு இறந்தகாலம்? எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியரிடம் கேட்டேன். "வந்தேன், வந்தால். போனேன், போனால். பார்த்தேன், பார்த்தால். 'ஆல்' எதோட ஒட்டுது பாருங்க தம்பி" என்றார். "நாளைக்கு வந்தால்" என்னும்போது நம் வாயிலும் இறந்தகால உருவம்தான் வருகிறது! அன்றிலிருந்து அந்தப் பயம் போய்விட்டது.

அன்றாடம் நடக்கும் ஒன்றை எடுத்து மூன்று விதமாகத் திருப்பச் சொன்னார். அவிநாசியிலிருந்து பஸ்ஸில் வரும்போது செய்வேன். "அடுத்த நிறுத்தத்தில் யாராவது இறங்கினால் இடம் கிடைக்கும்." "என்னிடம் கார் இருந்தால் இப்படி நிற்க மாட்டேன்." "5 நிமிடம் முன்னே கிளம்பியிருந்தால் முந்தின பஸ்ஸைப் பிடித்திருப்பேன்." மூன்றாவதுதான் எனக்கு எளிது. 'கிளம்பியிருந்தால்' என்றால் ஹேட், 'பிடித்திருப்பேன்' என்றால் வுட் ஹேவ், நேராகப் பொருந்திவிடும். முதல் இரண்டுக்கும்தான் ஒரு நொடி நின்று, இது நடக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

*

அண்ணா, நான் செவிலியர். மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வுக்குத் தயாரானபோது எனக்கு இடறியது வேறு இடம். "வலி அதிகமானால் பெல்லை அழுத்துங்கள்" என்பதற்கு "இஃப் தி பெயின் வில் இன்க்ரீஸ்" என்றுதான் வாயில் வரும். 'இன்க்ரீசஸ்' என்று மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில், இனிமேல் நடக்கப் போவதுதானே என்று 'வில்' தானாக நுழைந்துவிடும். பேச்சுத் தேர்வில் 2 ரோல் ப்ளே உண்டு. நோயாளிக்கு இந்த மாதிரி அறிவுரை சொல்லும் இடம் எப்படியும் வரும். அறைத் தோழியை நோயாளியாக உட்காரவைத்து, காய்ச்சல் வந்தால், தையல் போட்ட இடம் சிவந்தால், மாத்திரை மறந்துபோனால் என்று தினமும் சொல்லிப் பார்ப்பேன். 'வில்' வரும்போதெல்லாம் அவள் மேசையைத் தட்டுவாள். ஒரே பொருளை இரண்டு தடவை சொல்லும் 'இஃப் சப்போஸ்' வந்தாலும் தட்டு விழும்.

உங்கள் ஆசிரியர் சொன்னதைப் படித்த பிறகு யோசித்தேன். தமிழில் 'வந்தால்' உண்டு, 'வருவால்' என்று ஒரு சொல்லே கிடையாது. இது அன்றைக்கே தெரிந்திருந்தால் அவள் அத்தனை தடவை மேசையைத் தட்டியிருக்க வேண்டாம்.