குளோன் செய்த எக்ஸ்பி பூட் ஆகவில்லை: செக்டர் 63, 2048 குழப்பம்

வணக்கம். 80 ஜிபி ஐடிஇ டிஸ்கில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பி (எஸ்பி3) பார்ட்டிஷனை 500 ஜிபி சாட்டா டிஸ்குக்குக் குளோன் செய்திருக்கிறேன். பூட் செய்தால் "எ டிஸ்க் ரீட் எரர் அக்கர்ட்" (டிஸ்கைப் படிப்பதில் பிழை) என்று நின்றுவிடுகிறது.

டிஸ்கில் பழுதில்லை. பார்ட்டிஷன் ஆக்டிவ்தான், பயாஸில் ஐடிஇ மோட். (ஏஹெச்சிஐ என்ற இன்னொரு சாட்டா மோடால் வரும் பிரச்சினை என்றால் 7பி என்ற பிழை எண்ணோடு நீலத்திரை வரும், இது அதற்கு வெகு முன்பே விழுகிறது.) எக்ஸ்பியைத் தொடங்கிவைக்கும் என்டிஎல்டிஆர் கோப்பு காணவில்லை என்றும் சொல்லவில்லை, அதனால் அந்தக் கோப்பைத் திரும்ப காப்பி செய்யச் சொல்ல வேண்டாம்.

சந்தேகம் இங்கேதான்: பழைய பார்ட்டிஷன் டிஸ்கின் செக்டர் (512 பைட் துண்டு) 63இல் தொடங்கியது, குளோன் மென்பொருள் 2048க்கு நகர்த்திவிட்டது. பார்ட்டிஷனின் முதல் செக்டரான பூட் செக்டரை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால், 1சி ஆஃப்செட்டில் ஹிடன் செக்டர் எண்ணிக்கை (பார்ட்டிஷனுக்கு முன்னுள்ள செக்டர்கள்) இன்னும் 3எஃப் 00 00 00, அதாவது 63. அது 00 08 00 00 (2048) ஆக இருக்க வேண்டும்.

கேள்விகள்:

1. அந்த நான்கு பைட்டை மட்டும் கையால் மாற்றினால் போதுமா? எக்ஸ்பி சிடியில் உள்ள ரெக்கவரி கன்சோலின் ஃபிக்ஸ்பூட் கட்டளை (பூட் செக்டரைத் திரும்ப எழுதுவது) இதைச் சரியாக எழுதுமா?

2. பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் உள்ள பேக்கப் பூட் செக்டரையும் திருத்த வேண்டுமா?

3. ரெஜிஸ்ட்ரியில் டிரைவ் எழுத்துகள் பதிவாகும் மவுன்டட்டிவைசஸில் டிஸ்க் சிக்னேச்சரோடு (டிஸ்கின் அடையாள எண்) பழைய தொடக்க இடமும் (63×512 = 32256 பைட்) பதிவாகியிருக்கும். சி டிரைவ் எழுத்து மாறி, லாகின் திரையில் சிக்காமலிருக்க அதை முன்கூட்டியே நீக்குவது நல்லதா?

பார்ட்டிஷனை மறுபடி 63க்கே நகர்த்தியவர்கள் இருந்தால், எந்தக் கருவியில் என்றும் சொல்லுங்கள். புதிதாக நிறுவுவது கடைசி வழி.