எதிர்பாராம அசத்துன போர்ட் (போர்ச்சுகல் நாட்டு ஒயின்) எது?

கேள்வி: பேர்போன விண்டேஜை (சிறந்த வருஷத்து அறுவடையில செய்யுற உயர்தரப் போர்ட்) விடுங்க. சாதாரணமா திறந்து, வாயடைச்சுப் போன பாட்டில் எது?

பீப்பாய்ப்பிரியன்: கோப்கே கம்பெனியோட வெள்ளை கொல்யேய்ட்டா. வெள்ளை போர்ட்னாலே டானிக் வாட்டர்ல கலக்கத்தான்னு ஒதுக்குறவங்க இதை ஒரு வாய் குடிக்கணும். கொல்யேய்ட்டான்னா ஒரே வருஷத்து அறுவடை, மரப்பீப்பாயில குறைஞ்சது 7 வருஷம். இது அதுக்கும் மேல கிடந்து செம்பொன் நிறமாகியிருந்துச்சு. ஆரஞ்சுத் தோல், வறுத்த பாதாம், கடைசியில லேசா ஒரு உப்புக் கரிப்பு. கண்ணைக் கட்டிக் கொடுத்தா ‘டானி’ன்னு (பீப்பாயில முதிர்ந்த சிவப்புத் திராட்சைப் போர்ட்) சத்தியமே பண்ணுவீங்க!

வண்டல்: டெய்லர்ஸ் வர்கெல்லாஸ் 1996. வர்கெல்லாஸ்ங்கிற ஒரே தோட்டத்துத் திராட்சையில செஞ்சது, அந்த வருஷம் டெய்லர்ஸ் கம்பெனி தன்னோட பெரிய விண்டேஜ் அறிவிக்கல. வண்டல் அடியில படிய முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வச்சு, நிதானமா வடிச்சு ஊத்துங்க.

கேட்டவர்: வெள்ளையைக் குளிர வச்சீங்களா?

பீப்பாய்ப்பிரியன்: லேசா. ரொம்பச் சில்லுன்னா வாசனை எழும்பாது.