பெப்டிடோகிளைக்கன் கொடுத்தால் ஏறும் டிஎன்எஃப்: நாட்2 வேலையா, டிஎல்ஆர்2 வேலையா?

குளுகோர் மாணவி:
வணக்கம். டிஎச்பி-1 செல்களுக்கு (மனித வெள்ளணு வகைச் செல்கள்) ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவின் சுவர்ப் பொருளான பெப்டிடோகிளைக்கன் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் கொடுத்தால் 6 மணி நேரத்தில் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் நன்றாக ஏறுகிறது. எண்டோடாக்சின் கலப்படத்தை முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்தும் இறங்கவில்லை. பெப்டிடோகிளைக்கனின் சிறு துண்டான எம்டிபி மட்டும் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றுமே வருவதில்லை. பாலிமிக்சினுக்கு அசையாததால் சரக்கு சுத்தம், இது எம்டிபியை உணரும் நாட்2 ஏற்பி வழி, டிஎல்ஆர்2 ஏற்பி வழி அல்ல என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

செராஸ் ஆய்வகம்:
இப்போதைக்கு எழுதாதீங்க தங்கச்சி. பாலிமிக்சின் பி பிடிப்பது எல்பிஎஸ்ஸின், அதாவது எண்டோடாக்சினின், லிப்பிட் ஏ பகுதியை. ஸ்டாஃபிலோகாக்கஸில் எல்பிஎஸ் கிடையாது. வெளியிலிருந்து கலந்திருந்தால்தான் உண்டு. நீங்கள் சந்தேகப்பட வேண்டியது லிப்போபுரதத்தை. அதன் கொழுப்பு வால் பாக்டீரியாவின் சவ்வில் ஊன்றி நிற்கும், சுவரைப் பிரித்தெடுக்கும்போது கூடவே வந்துவிடும். மூன்று வால் இருந்தால் டிஎல்ஆர்2-டிஎல்ஆர்1 ஜோடி, இரண்டு இருந்தால் டிஎல்ஆர்2-டிஎல்ஆர்6 ஜோடி அதைப் பிடிக்கும். நானோகிராம் கணக்கில் கலந்திருந்தாலே டிஎன்எஃப் எகிறும்.

நாட்2 இருப்பது சைட்டோபிளாசத்தில். எம்டிபி உள்ளே போய்ச் சேர்ந்தால்தான் வேலை, தனியாக அது பலவீனமான தூண்டி. உங்களுக்கு ஒன்றும் வராதது இயல்பே. மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் எம்டிபியோடு 1 நானோகிராம் பாம்3சிஎஸ்கே4 (மூன்று வால் உள்ள செயற்கை லிப்போபெப்டைடு) சேர்த்துப் பாருங்கள். இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்துக் கூட்டிய அளவைவிட அதிகம் வந்தால் நாட்2 உயிரோடு இருக்கிறது. கண்ட்ரோலுக்கு வேலை செய்யாத டி-டி வடிவ எம்டிபி கட்டாயம் வேண்டும்.

பிறகு டிஎல்ஆர்2 தடுப்பு ஆன்டிபாடி 5 முதல் 10 மைக்ரோகிராம், தூண்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. டிஎன்எஃப் இறங்கினால் அது டிஎல்ஆர்2 வேலை. ஐசோடைப் கண்ட்ரோல் (டிஎல்ஆர்2வைப் பிடிக்காத அதே வகை ஆன்டிபாடி) இல்லாமல் இந்த முடிவுப் படத்தை எந்த மதிப்பீட்டாளரும் ஏற்க மாட்டார். சோடியம் அசைடு கலந்த ஆன்டிபாடி வாங்காதீர்கள், அது செல்லையே கெடுத்து டிஎன்எஃப்பைக் குறைத்துக் காட்டும். எல்லாவற்றிலும் உறுதியான சான்று, எல்ஜிடி மரபணு நீக்கிய ஆரியஸிலிருந்து எடுத்த பெப்டிடோகிளைக்கன். லிப்போபுரதத்துக்கு வால் கட்டும் நொதியே அதில் இல்லை.

பாயான் பாரு:
செல் பக்கமும் பாருங்கள். டிஎச்பி-1ஐ மேக்ரோஃபேஜாக மாற்றப் போடும் பிஎம்ஏ மருந்தை 100 நானோகிராம் போட்டால் செல் ஏற்கெனவே முறுக்கேறி நிற்கும். 10 முதல் 25 போதும். 48 மணி நேரம் வைத்து, கழுவி, 24 மணி நேரம் பிஎம்ஏ இல்லாமல் விடுங்கள்.

இந்தப் பெப்டிடோகிளைக்கன் கரையாதது. குழாயை ஐந்து நிமிடம் சும்மா வைத்தாலே அடியில் வெண்படலமாகப் படியும். மேலிருந்து உறிஞ்சினால் செல் வளர்ப்புத் தட்டின் ஒரு கிணற்றுக்குத் தண்ணீர், கடைசிக் கிணற்றுக்கு மொத்தச் சரக்கு. ஒவ்வொரு முறையும் வோர்டெக்ஸ் செய்து, சோனிகேட்டர் தொட்டியில் வைத்து, உடனே பிப்பெட் பண்ணுங்கள்.

குளுகோர் மாணவி:
நன்றி. எல்ஏஎல் சோதனை எடுத்தால் கலப்படம் பற்றித் தெரியுமா?

செராஸ் ஆய்வகம்:
எண்டோடாக்சின் பற்றி மட்டும் தெரியும், லிப்போபுரதம் அதில் சிக்காது. அது பெலாங்காஸின் (குதிரைலாட நண்டு) இரத்த அணுச் சாறு உறைவதை வைத்துச் செய்யும் சோதனை. அந்தச் சாற்றிலுள்ள ஜி காரணி என்ற புரதம் வழியாகப் பூஞ்சையின் பீட்டா-குளுக்கானுக்கும் உறையும் என்பதால், அதைத் தடுக்கும் கரைசலோடு வரும் கிட் வாங்குங்கள். கண்ணாடிச் சாமான்களை ஆட்டோகிளேவ் செய்தது போதாது. எண்டோடாக்சின் அதில் அழியாது. உலர் அடுப்பில் 250 டிகிரி, 30 நிமிடம்.

பாயான் பாரு:
ஒன்று விட்டுப்போச்சு. நாட்2வின் உறவு ஏற்பியான நாட்1 பற்றி யாராவது கேட்டால், அது தேடுவது டிஏபி என்ற அமினோ அமிலம் உள்ள பெப்டிடோகிளைக்கன் துண்டை. ஆரியஸ் சுவரில் அந்த இடத்தில் லைசின்தான், அதனால் அந்தச் சோதனையை இந்தச் சரக்கில் செய்ய வேண்டாம்.