பூஸ்ட் பெடலை மிதிச்சால் சத்தம் கூடேல்ல, கரகரப்புத்தான் கூடுது. ஏன்?

உப்புவெளி_ஆறுதந்தி

வணக்கம் எல்லாருக்கும். உப்புவெளியில நாங்கள் அஞ்சு பேர் சேர்ந்து ஒரு பான்ட் வைச்சிருக்கிறம். கலியாண வீடு, கோயில் திருவிழா மேடை, சீசனுக்குக் கடற்கரைப் பக்கத்து ஹோட்டலுகள். நான் லீட் கிற்றார். ஸ்ட்ராட் மொடல், மூண்டு பிக்கப்பும் (தந்தியின்ர அதிர்வைப் பிடிக்கிற பாகம்) சிங்கிள் கொயில். பெடல் ரெண்டுதான்: கிற்றாரிலயிருந்து முதல்ல எம்.எக்ஸ்.ஆர் மைக்ரோ அம்ப் (அலையைப் பெரிசாக்கிற பூஸ்ட்), பிறகு பொஸ் எஸ்.டி-1 (கரகரப்புக் குடுக்கிற ஓவர்ட்ரைவ்), அங்கயிருந்து 30 வாட் ட்ரான்சிஸ்டர் அம்ப்.

சோலோ வரேக்க மைக்ரோ அம்பை மிதிக்கிறன். ட்ரைவ் தடிக்குது, நோட் நீளமா நிக்குது, ஆனால் சத்தம் ஏறுறதே இல்ல. வீட்டில தனிய வாசிச்சால் அருமையா இருக்கு. மேடையில கீபோர்ட் ஸ்ட்ரிங்ஸும் ஒக்டபாட்டும் (மின்சார ட்ரம்) சேர்ந்தவுடன கிற்றார் எங்கயோ காணாமல் போகுது. அம்பைக் கூட்டினால் ரிதம் வாசிக்கேக்க பாடுறவருக்கு இடைஞ்சல். எஸ்.டி-1இல குமிழுகள் நிக்கிற இடம், மணிக்கூட்டு முள்ளுக் கணக்கில: ட்ரைவ் (கரகரப்பு) 2 மணி, டோன் (கூர்மை) 12, லெவல் (வெளிய வாற சத்தம்) 12. டி.எஸ்-9 (ட்யூப் ஸ்க்ரீமர் எண்ட இன்னொரு ஓவர்ட்ரைவ்) ஒண்டு வாங்கினால் சரிவருமா? தெரிஞ்ச அண்ணாமார் சொல்லுங்கோ.

உவர்மலை_வால்வு

தம்பி, டி.எஸ்-9 வாங்கிற காசை வைச்சிரும். உம்மட ரெண்டு பெடலையும் இடம் மாத்தினாலே முக்கால்வாசி சரிவரும்.

எஸ்.டி-1க்குள்ள மூண்டு டயோட் (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிற சின்னப் பாகம்) இருக்கு. கிற்றாரின்ர அலை ஒரு உயரத்துக்கு மேல எழும்பினால் அந்த டயோட்டுகள் அதின்ர தலையை வெட்டிப்போடும். அலையின்ர ஒரு பக்கத்தை ஒரு டயோட்டும் மற்றப் பக்கத்தை ரெண்டும் பிடிக்கிறதால மேலும் கீழும் ஒரே மாதிரி வெட்டுப்படாது. 1981இல வந்த காலத்திலயிருந்து அந்த மஞ்சள் பெட்டியின்ர குணமே இந்தச் சமனில்லாத வெட்டுத்தான். நீர் ட்ரைவை 2 மணியில வைச்சிருக்கிறீர். அதிலயே அலை நல்லா வெட்டுப்படுது. அதுக்கு முன்னால மைக்ரோ அம்ப் இன்னும் தள்ளிக் குடுக்குது. அது முழுக்கத் திருப்பினால் 26 டெசிபெல், வோல்ட்டேஜ் கணக்கில 20 மடங்கு. எவ்வளவு தள்ளினாலும் டயோட் விடுகிற உயரம் பெரிசாக் கூடாது. மெல்ல ஒலிச்ச பகுதி மேல வரும், நோட் நிக்கும், கரகரப்பு ஏறும், சத்தம் இருந்த இடத்திலயே இருக்கும். உமக்கு மேடையில நடக்கிறது அதுதான்.

மைக்ரோ அம்பை எஸ்.டி-1க்குப் பின்னால போடும். இப்ப டயோட் வெட்டி முடிச்ச அலையை அது அப்பிடியே பெரிசாக்கி அம்புக்குக் குடுக்கும். ட்ரைவின்ர தன்மை மாறாமல் சத்தம் மட்டும் ஏறும். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கு: அம்பில அதுக்கு இடம் இருக்கவேணும். அம்பின்ர கெயினை (உள்ள வாற அலையைப் பெருக்கிற அளவு) கூட்டி அதையும் கரகரக்க விட்டிருந்தால் இப்ப வெட்டுற வேலையை அம்ப் எடுத்துக்கொள்ளும், பூஸ்ட் திரும்பவும் வீண். ட்ரான்சிஸ்டர் அம்ப் நிரம்பி வெட்டுற சத்தம் காதுக்கும் நல்லா இல்ல. க்ளீன் சனலில, கெயினைக் குறைச்சு, மாஸ்டரை (மொத்தச் சத்தம்) தேவைக்கு ஏத்தி வையும்.

அடுத்தது ட்ரைவ். 2 மணி கூட. 9, 10 மணிக்குக் கொண்டுவாரும், லெவலை 1 மணிக்கு ஏத்தும். நீங்கள் பைலா (இலங்கை ஆட்டப் பாட்டு) வாசிப்பியள்தானே? அந்த ஆறு-எட்டுத் தாளத்தில வலக்கை மேல்நோக்கி வெட்டுற கோர்ட் ஒவ்வொண்டும் தனித்தனியா விழுந்தால்தான் ஆடுறவனுக்குக் கால் எழும்பும். ட்ரைவ் கூடினால் வெட்டுக்கு வெட்டு இடையில இருக்கிற மௌனம் நிரம்பி எல்லாம் கஞ்சியாப் போகும். ட்ரைவைக் குறைச்சு வைச்சு, கிற்றாரின்ர வொலியூமை 6இல விட்டு ரிதம் வாசிச்சுப் பாரும். எஸ்.டி-1 ஓனில இருக்கிறதே தெரியாத அளவுக்குத் தெளியும். சோலோவுக்கு வொலியூம் 10, கூடவே பூஸ்ட். ஸ்ட்ராட்டில அந்தக் குமிழ் சின்னவிரலுக்குக் கிட்டத்தானே இருக்கு, கையை எடுக்கத் தேவையில்ல.

டி.எஸ்-9 பற்றிக் கேட்டீர். ட்யூப் ஸ்க்ரீமர் குடும்பம் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழ உள்ளதுக்குக் குறைய கெயின் குடுக்கும், மேல உள்ள கூர்மையை டோன் பகுதி மழுக்கும், நடு எழும்பி நிக்கும். எஸ்.டி-1இன்ர சேர்க்கிட்டும் கிட்டத்தட்ட அதே வழிதான், டயோட் வெட்டுற விதத்திலதான் பெரிய வித்தியாசம். உம்மட்ட இருக்கிறதே காணும். அந்த எழும்பின நடுவை வீட்டில தனியக் கேட்டால் மூக்கால பாடுற மாதிரி இருக்கும், அதால ஆக்கள் அம்பில பேஸை (அடிச் சத்தம்) கூட்டி மிட்ஸை (நடு) குறைப்பினம். மேடையில கிற்றார் காணாமல் போறதுக்கு முதல் காரணம் அதுதான். கிற்றாரின்ர அடித்தந்தி 82 ஹெர்ட்ஸ், பேஸ் கிற்றாரின்ர அடித்தந்தி 41. அந்த நிலம் பேஸ்காரனுக்கும் கிக் ட்ரம்முக்கும் சொந்தம், அங்க போய் இடிபடாதேயும். தனிய இருந்து பெடல் செட் பண்ணுறதையே விட்டிரும். ஒத்திகையில எல்லாரும் வாசிக்கேக்க குமிழைத் திருப்பி, சரிவந்த இடத்தில வெள்ளை டேப் ஒட்டிக் கோடு போடும்.

பூஸ்ட் எவ்வளவு? மைக்ரோ அம்பில ஒரே ஒரு குமிழ்தான். 3 தொடக்கம் 6 டெசிபெல் காணும், 6 எண்டால் வோல்ட்டேஜ் ரெண்டு மடங்கு. கால்வாசித் திருப்பிலயிருந்து தேடும். சவுண்ட் பார்க்கிறவரிட்ட முன்னுக்கே சொல்லி வையும், "சோலோவுக்குக் கூடும், மிக்சரில என்ர சத்தக் கட்டையை இறக்க வேண்டாம்" எண்டு. சொல்லாட்டி அவர் தன்ர கடமையைச் செய்து உம்மைத் திரும்பவும் புதைச்சிருவார்.

மூதூர்_ஜெர்மானியம்

உவர்மலை அண்ணன் சொன்னது ஆறுதந்தியின்ர மேடைக்குச் சரி. ஆனால் இதை வாசிக்கிற மற்ற ஆக்கள் பூஸ்ட் முன்னால நிக்கிறதே பிழை எண்டு எடுக்கக் கூடாது, அதால எழுதுறன்.

1960களின்ர நடுவில வந்த டலஸ் ரேஞ்மாஸ்டர் ஒரு ட்ரெபிள் பூஸ்டர், அதாவது மேல் பகுதியைத் தள்ளுற பூஸ்ட். உள்ளுக்க ஓசி44 ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர் ஒண்டுதான். அதைப் போட்டது வால்வு அம்பை (ட்ரான்சிஸ்டருக்குப் பதிலாக் கண்ணாடிக் குழாய் உள்ளது) முன்னாலயிருந்து தள்ளி வெட்ட வைக்கத்தான். ரோரி கலகர், டோனி ஐயோமி, ப்ரையன் மே எண்ட ரொக் கிற்றார்காரர் எல்லாரும் ட்ரெபிள் பூஸ்டர் வைச்சு அந்த வழியில போனவை. அடியைக் குறைச்சு மேலைத் தள்ளுறதால அம்ப் எவ்வளவு கரகரத்தாலும் அடித்தந்தி குழம்பாது. வால்வு அம்ப் வெட்டத் தொடங்கிற விளிம்பில நிக்கேக்க முன்னால பூஸ்ட் வைச்சால் விரலின்ர ஒவ்வொரு அழுத்தமும் கேக்கும். அந்த உணர்வு எனக்கு வேற எதிலயும் கிடைச்சதில்ல.

அப்பிடிப்பட்ட பழைய ஜெர்மானியம் பெட்டி வைச்சிருக்கிறவை கிற்றாருக்கு நேர அதைக் குடுங்கோ. பொஸ் பெடல் ஓஃபில இருந்தாலும் உள்ளுக்க பஃபர் (அலை பலவீனப்படாமல் தாங்குற சேர்க்கிட்) வேலை செய்யும். அதுக்குப் பின்னால ரேஞ்மாஸ்டர் வகையைப் போட்டால் சத்தம் கீச்செண்டு கூர்மையாப் போகும், கிற்றார் வொலியூமைக் குறைச்சாலும் தெளியாது.

கொட்டியாரம்_சவுண்ட்

பெடல் இடம் மாத்தினாப் பிறகு இரைச்சலும் கூடக் கேக்கும், பயப்பட வேண்டாம். ட்ரைவின்ர இரைச்சலையும் பூஸ்ட் சேர்த்துத்தான் பெரிசாக்கும். சிங்கிள் கொயில் பிக்கப் சுத்தியுள்ள மின் இரைச்சலையும் பிடிக்கும், அதால மேடை லைட் டிமருக்கும் கரண்ட் வயருகளுக்கும் கிட்ட நிக்காதேங்கோ. உடம்பைக் கொஞ்சம் திருப்பினால் ஊ எண்ட சத்தம் குறையிற ஒரு கோணம் இருக்கு, அதைத் தேடி நில்லுங்கோ.

அடப்டர் 9 வோல்ட், நடுமுனை மைனஸ். கீபோர்ட்காரன்ர 12 வோல்ட் அடப்டரை அவசரத்துக்குக் குத்த வேண்டாம், அதுகள்ல நடுமுனை பிளஸா வாறது நிறைய. வாடைக்காத்துத் தொடங்கினால் கடற்கரையில ஜாக் எல்லாம் பச்சை பிடிக்கும். மாசத்துக்கு ஒருக்கா கொன்டாக்ட் கிளீனர் அடிச்சு, ப்ளக்கைப் பத்துத் தரம் குத்தி எடுங்கோ. கரகரப்பெண்டு வாற முறைப்பாடுகள்ல அரைவாசி அங்கதான் தீரும்.

உப்புவெளி_ஆறுதந்தி

எல்லாருக்கும் நன்றி. ஒத்திகையில மாத்திப் பார்த்தன். சோலோ வெளிய வந்திட்டுது, கீபோர்ட்காரன் திரும்பிப் பார்த்தவன். உவர்மலை அண்ணா, இன்னொண்டு. ஹோட்டல் மேடையில அம்புக்கு இடமில்ல, எஸ்.டி-1இலயிருந்து நேர மிக்சருக்குக் குடுக்கச் சொல்லினம். அப்பிடிக் குடுத்தால் சத்தம் தகரம் கீறுற மாதிரி இருக்கு.

உவர்மலை_வால்வு

கிற்றார் அம்பின்ர ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல பெரிசாப் பாடாது. டயோட் வெட்டினதால வாற கூரான துணுக்குகளை அது தானா விழுங்கும். ஹோட்டல் ஸ்பீக்கர் பெட்டியில ஹோர்ன் (கூர்மையான சத்தத்துக்கான குழல்) இருக்கு, அது ஒண்டையும் விடாமல் பாடும். ட்ரைவ் பெடலை நேர மிக்சருக்குக் குடுக்காதேயும். கபினெட் சிமுலேட்டர் (அம்ப் ஸ்பீக்கர் பெட்டி மாதிரிச் சத்தத்தை மாத்துறது) உள்ள பெடல் ஆரிட்டையும் இரவல் கிடைச்சால் கடைசியாப் போடும். அதுவும் இல்லாட்டி ஒரு டி.ஐ. பொக்ஸால (கிற்றார் அலையை மிக்சருக்கு ஏத்த மாதிரி மாத்துற பெட்டி) குடுத்து, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல உம்மட சனலை வெட்டிவிடச் சொல்லும்.

நான் எண்டால் உம்மட 30 வாட் அம்பையே கொண்டுபோய் ஒரு கதிரையில ஏத்தி, பாட்டுக்கு வைக்கிற சாதாரண டைனமிக் மைக் ஒண்டை ஸ்பீக்கர் துணிக்குக் கிட்டப் பிடிப்பன். கதிரை வைக்கிற இடம் எந்த மேடையிலயும் இருக்கும். மைக் ஸ்பீக்கர் கூம்பின்ர நடுவுக்கு நேர நிண்டால் கூர்மை கூட, ரெண்டு அங்குலம் பக்கத்துக்குத் தள்ளினால் மெதுமை. எஸ்.டி-1க்கு அந்தத் தள்ளின இடம்தான் பொருந்தும். சரியான இடத்தைக் கண்டாப் பிறகு துணியில சோக்கால ஒரு புள்ளி போடும்.